நாலாவது நாள்

‘விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு’ என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. பெரும்பாலும் விருந்தாளி குளிக்கப் போயிருக்கும்போது, சமையலறைக்குள், தணிந்த குரலில்.

இதே கணக்கு இஸ்லாத்திலும் இருக்கிறது. விருந்தாளியை உபசரிப்பது மூன்று நாள். அதற்கு மேல் செய்வது தர்மம். வீட்டுக்காரர் சங்கடப்படுகிற அளவுக்கு விருந்தாளி தங்கிவிடக் கூடாது என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. கவனியுங்கள், புத்திமதி இரண்டு பக்கத்துக்கும் உண்டு. யார் யாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று ஆராய வேண்டியதில்லை. பானையில் இருக்கும் அரிசியை அளந்து பார்த்தவர்கள் எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் இந்த எண்ணுக்குத்தான் வந்து சேருவார்கள்.

பாலைவன அரபிகளைப் பற்றி எழுதிய பயணிகள் இன்னொரு வழக்கத்தையும் சொல்வார்கள். கூடாரத்துக்கு வந்தவனிடம் மூன்று நாள் வரை ‘நீ யார், எந்தக் குலம், என்ன வேலையாக வந்தாய்?’ என்று கேட்கக் கூடாதாம். முதலில் தண்ணீர், அப்புறம் சாப்பாடு, அப்புறம் தூக்கம். வந்தவன் எதிரி வீட்டுப் பிள்ளையாகவே இருந்தாலும் அதுவரை அவன் விருந்தாளி.

எனக்கு இந்த மூன்று நாளைவிட நாலாவது நாள் மேல்தான் கண். அன்று காலையில் ‘உன் பேர் என்னப்பா?’ என்று கேட்பார்கள் இல்லையா, அதற்குப் பிறகு என்ன ஆகிறது?

இப்னு பதூதாவைப் பள்ளிக்கூட சரித்திரப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். மொராக்கோவில் தாஞ்சியர் ஊர்க்காரர். 1325-ல், 21 வயதில், மெக்கா போய்விட்டு வருகிறேன் என்று வீட்டை விட்டுக் கிளம்பியவர், அலைச்சலை முடித்துக்கொண்டு ஊரோடு உட்காரக் கிட்டத்தட்ட 30 வருஷம் ஆனது. 1330-களின் தொடக்கத்தில், இன்றைய துருக்கிக்குள் நுழைகிறார். லாதிக் என்ற ஊர். இப்போது அதன் பெயர் தெனிஸ்லி. கடைத்தெருவில் போகும்போது சில ஆட்கள் கடைகளிலிருந்து இறங்கி ஓடிவந்து அவர் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். உடனே இன்னொரு கும்பல் வந்து அவர்களைத் தடுக்கிறது. இரண்டு தரப்புக்கும் வாக்குவாதம், கத்தியை உருவுகிற அளவுக்கு. பதூதாவுக்குத் துருக்கி மொழி தெரியாது. வழிப்பறிக் கூட்டம், இன்றோடு நம் கதை முடிந்தது என்றே நினைத்துவிட்டார்.

அரபி தெரிந்த ஒருவர் வந்து விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. இரண்டு கும்பலும் ‘அஹி’ என்ற சகோதரத்துவச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். தொழிலாளிகள். பகலெல்லாம் உழைத்துச் சம்பாதித்ததைச் சாயந்திரம் பொதுவில் போட்டு, ஊருக்கு வரும் வெளியூர்க்காரனுக்குச் சோறு போடுவதையே நோன்பு மாதிரி செய்தவர்கள். சண்டை எதற்கு என்றால், இந்த விருந்தாளி யாருக்கு என்பதற்கு! கடைசியில் சீட்டுப் போட்டுப் பார்த்து, முதலில் ஒரு சங்கத்தாரிடமும் பிறகு மற்றவரிடமும் தங்கினார் பதூதா.

இந்தக் கதையைக் கொஞ்சம் மிகை என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 2015 ரம்ஜான் மாதத்தில் தென்கிழக்குத் துருக்கியில் ஷான்லியூர்ஃபா என்ற ஊருக்குப் போகும்வரை.

சுருக்கமாக ஊர்ஃபா. சிரியா எல்லை பக்கத்தில்தான். அந்த ஊருக்கு அருகே குன்றின் மேல் 11,000 வருஷத்துக்கு முந்தைய கல்தூண்கள் இருக்கின்றன, அவற்றைப் பார்க்கப் போனேன். பார்த்தேன். ஆனால் இப்போது நினைவில் இருப்பது தூண் அல்ல. ஊர் நடுவே ஒரு குளம். நிறைய கெண்டை மீன்கள். இப்ராஹிம் நபியை நம்ரூத் மன்னன் நெருப்பில் தள்ளினான், நெருப்பு தண்ணீராயிற்று, விறகு மீனாயிற்று என்று ஐதிகம். அதனால் அந்த மீன்களை யாரும் பிடிப்பதில்லை. தீனி வாங்கிப் போடுகிறார்கள். நம்ம கோயில் குளத்தில் பொரி போடுகிற மாதிரியேதான். நெருப்பு சுடாத பிரகலாதன் கதை தெரிந்த எனக்கு அந்த ஊரில் அந்நியமாகவே இல்லை.

வெயில் நாற்பது டிகிரிக்கு மேல். ஊரே நோன்பில் இருக்கும்போது நாம் மட்டும் தெருவில் தண்ணீர் பாட்டிலைத் திறப்பது எப்படி? எட்டு மணி வாக்கில் செம்புப் பாத்திரக் கடைகள் இருக்கும் சந்தில் நடந்துகொண்டிருந்தேன். கடைக்காரர்கள் வாசலிலேயே பலகை போட்டுச் சாப்பாட்டைப் பரப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். யாரும் ஒரு வாய் வைக்கவில்லை. நோன்பு திறக்கும் வேட்டுச் சத்தம் கேட்டது. ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். இழுத்தார் என்றால் நிஜமாகவே இழுத்தார். பருப்பு சூப், பெரிய தட்டை ரொட்டி, கறுப்பாக ஒரு மிளகாய்த்தூள், மோர், கபாப். அவர் மகனுக்குக் கல்லூரி ஆங்கிலம் தெரியும். சாப்பாடு பாதி ஆன பிறகு நானாகத்தான் சொன்னேன், நான் முஸ்லிம் இல்லை, இன்று நோன்பும் இல்லை என்று. மகன் மொழிபெயர்த்தான். பெரியவர் தலையாட்டிவிட்டு என் தட்டில் இன்னொரு துண்டு கபாப் வைத்தார். பதில் அவ்வளவுதான்.

சாப்பிட்ட பிறகு ‘மிர்ரா’ என்று ஒரு காபி. கசப்பென்றால் நிலவேம்புக் கஷாயம் பிச்சை வாங்க வேண்டும். சின்னக் கிண்ணம். குடித்ததும் கிண்ணத்தைக் கீழே வைக்கக் கூடாது, கொடுத்தவர் கையிலேயே திருப்பித் தரவேண்டும். கீழே வைத்தால் அந்தக் கிண்ணம் நிறையத் தங்கம் கொடு, இல்லாவிட்டால் காபி ஊற்றியவனுக்குக் கல்யாணம் பண்ணிவை என்பது ஊர் வழக்கமாம். நான் பத்திரமாகக் கையில் கொடுத்தேன்.

பெரியவர் என்னைக் காட்டிப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னார். தான்ரி மிஸாஃபிரி. சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவனைத் துருக்கியில் அப்படித்தான் சொல்வார்கள், ‘கடவுளின் விருந்தாளி’. மிஸாஃபிர் வேறெதுவும் இல்லை, நம்ம ஊர் முசாபரி பங்களாவில் இருக்கும் அதே அரபுச் சொல்தான். அங்கே பயணி என்று கிளம்பிய வார்த்தை துருக்கிக்குப் போனதும் விருந்தாளி ஆகிவிட்டது. நமக்கு அது கவர்ன்மென்ட் பங்களாவாகிவிட்டது!

இதோடு நிறுத்தினால் நல்ல பயணக்கட்டுரை. படித்துவிட்டு நீங்களும் ‘என்ன இருந்தாலும் அந்த ஊர் ஜனங்க ஜனங்கதான்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். ஆனால், காபிக்குப் பிறகும் பேச்சு இருந்தது.

எதிர்ச்சாரியில் ஒரு பையன் அடுக்கிய பெட்டிகளைச் சுமந்துகொண்டு போனான். பதின்மூன்று வயது இருக்கலாம். சிரியாவிலிருந்து வந்தவன் என்றான் மகன். பெரியவரின் வீட்டு மாடியிலும் ஒரு சிரியாக் குடும்பம் வாடகைக்கு இருந்ததாம், காலிசெய்யச் சொல்லிவிட்டார்களாம். நான் எதுவும் கேட்கவில்லை. பெரியவராகவே ஆரம்பித்தார். முதல் குளிர்காலத்தில் எங்கள் தெருவே கம்பளி கொடுத்தது. என் மனைவி தினமும் அவர்களுக்கும் சேர்த்துத்தான் சமைத்தாள். இப்போது நாலு குளிர்காலம் ஆகிவிட்டது. வாடகை ஏறிவிட்டது, கூலி இறங்கிவிட்டது. அவர் முடித்த வாக்கியத்தை மகன் கொஞ்சம் தயங்கித்தான் மொழிபெயர்த்தான். “விருந்தாளின்னா திரும்பிப் போகணும் இல்லையா?”

எனக்குக் கபாப் வைத்த அதே கை. நடிப்பு ஒன்றுமில்லை, இரண்டும் நிஜம்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2011-ல் சிரியாவிலிருந்து மக்கள் எல்லை தாண்டி வரத் தொடங்கியபோது துருக்கி அரசாங்கமே அவர்களை ‘மிஸாஃபிர்’ என்றுதான் அழைத்தது. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் விருந்தாளிக்கு உரிமை கிடையாது, உபசாரம்தான் உண்டு. உபசாரம் கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. அகதி என்று சொல்லியிருந்தால் சட்டப்படி சில கடமைகள் வந்திருக்கும். 1951-ன் அகதிகள் ஒப்பந்தத்தில் துருக்கி கையெழுத்திட்டிருந்தாலும், ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. எனவே சிரியாக்காரர்களுக்கு 2014-ல் ‘தற்காலிகப் பாதுகாப்பு’ என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 36 லட்சத்தைத் தாண்டியது. உலகத்திலேயே மிக அதிக அகதிகளுக்கு இடம் கொடுத்த நாடாகப் பல வருஷம் துருக்கிதான் இருந்தது, அதை மறுக்க முடியாது. 2021 ஆகஸ்டில் அங்காராவிலும், 2024 ஜூன் கடைசியில் கைசேரி நகரத்திலும் அதே விருந்தாளிகளின் கடைகள் அடித்து நொறுக்கப்பட்டன, அதையும் மறுக்க முடியாது. 2024 டிசம்பரில் அஸ்ஸாத் ஆட்சி விழுந்ததும் லட்சக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

‘பார்த்தீர்களா, அவர்கள் மதம், அவர்கள் மதத்துக்காரர்களுக்கே இப்படி’ என்று யாராவது சொல்வதற்குள் நம்ம பக்கத்துக் கதைக்கு வந்துவிடுகிறேன். நான் குடியிருப்பது கடம்பத்தூரில். சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் திருவள்ளூர் தாண்டி, ஏகாட்டூர், அதற்கடுத்து எங்கள் ஸ்டேஷன். இதே மாவட்டத்தில், வேறு ரயில் பாதையில், கும்மிடிப்பூண்டி. தொழிற்பேட்டைக்குப் பேர் போன ஊர். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது, தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. 1983 கலவரத்துக்குப் பிறகு படகேறி வரத் தொடங்கிய நம் சொந்தங்கள். அதே மொழி, பெரும்பாலும் அதே சாமி. வந்த புதிதில் தமிழ்நாடே வேட்டியும் புடவையும் அரிசியும் திரட்டிக்கொடுத்தது. அதற்குப் பிறகு நாற்பது வருஷம் ஓடிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இன்றும் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள். முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பெயின்ட் அடிக்கப் போய், கல்யாணம் செய்து, பேரப்பிள்ளை எடுத்தவர்கள் இருக்கிறார்கள். குறிப்பிட்ட நாளில் அதிகாரி முன்னால் வந்து நின்று பெயர் கொடுக்க வேண்டும் என்ற வழக்கத்தோடேயே வளர்ந்தவர்கள். 2021-ல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. நல்ல காரியம். வீடுகளும் புதிதாகக் கட்டித்தரத் தொடங்கினார்கள். ஆனால் 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை.

ஆக, மதம் ஒன்றாக இருந்தாலும் சரி, மொழி ஒன்றாக இருந்தாலும் சரி, நாலாவது நாள் வந்துவிடுகிறது.

இப்னு பதூதாவிடம் திரும்பப் போகிறேன், ஏனென்றால் அவர் நம்ம பக்கமும் வந்திருக்கிறார். மலபார்க் கரையில் நடந்தபோது பார்த்ததை எழுதுகிறார். வழியெல்லாம் அரை மைலுக்கு ஒரு மரமண்டபம், பக்கத்தில் கிணறு, வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஓர் ஆள். இந்து வந்தால் பாத்திரத்தில் கொடுப்பார். முஸ்லிம் வந்தால் கையில் ஊற்றுவார். சமைத்துப் போடுவார்கள், வாழை இலையில். வீட்டுக்குள் மட்டும் விடமாட்டார்கள். தண்ணீர் யாருக்கும் மறுக்கப்படவில்லை. ஆனால் பாத்திரம் ஒரு எல்லை, வாசற்படி ஒரு எல்லை.

பிறகு 1344-ல் இலங்கையில் கரையேறுகிறார். யாழ்ப்பாணத்தை ஆண்ட தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி இவரை வரவேற்கிறார். ராஜாவுக்குப் பாரசீக மொழி புரியும். தினம் தினம் மரியாதை கூடிக்கொண்டே போனதாகப் பதூதா எழுதுகிறார். எத்தனை நாள் தங்கினார் தெரியுமா? மூன்று. ‘வெட்கப்படாமல் கேள், என்ன வேண்டும்?’ என்கிறார் மன்னர். ஆதம் மலைக்குப் போய் அந்தப் பாதத்தைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் என்கிறார் இவர். பல்லக்கு, தூக்க ஆட்கள், துணைக்கு நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், சாமான் சுமக்கப் பதினைந்து பேர். ஒரு முஸ்லிமைப் புனித யாத்திரைக்கு ஒரு இந்து ராஜா இப்படி அனுப்பிவைக்கிறார். போகிற வழியில் இலங்கை மக்கள் முஸ்லிம் ஃபக்கீர்களைத் தங்கள் வீட்டுக்குள்ளேயே தங்கவைத்துச் சாப்பாடு போடுவதைப் பார்த்து, இந்தியாவில் இப்படி இல்லையே என்று ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்.

இதற்கப்புறம் மதுரை. அங்கே அப்போது சுல்தான் ஆட்சி. சுல்தான் இவருடைய மதம் மட்டுமல்ல, மனைவி வழியில் சகலை. அந்தச் சுல்தான் போரில் பிடித்த பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையைக் கண்ணால் பார்த்துவிட்டு, வேறெந்த மன்னனும் செய்து பார்த்திராத பாவம் இது என்று பதூதா அருவருப்போடு பதிவு செய்கிறார். சொந்த மதம், சொந்த உறவு, மனசு ஒட்டவில்லை. மதத்தை வைத்து விருந்தோம்பலை அளக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் இந்த ஒரு ஆளின் பயணக் குறிப்பை மட்டும் நீட்டலாம்.

ஆனால், நம்பிக்கைக்கும் விருந்துக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியவில்லை. ஊர்ஃபா பெரியவர் என்னைக் ‘கடவுளின் விருந்தாளி’ என்றது வெறும் பேச்சு இல்லை. இப்ராஹிம் நபி வாசலுக்கு மூன்று அந்நியர்கள் வந்தார்கள், யாரென்று கேட்காமல் கன்றுக்குட்டியை அடித்துச் சமைத்துப்போட்டார், அப்புறம் பார்த்தால் அவர்கள் தேவதூதர்கள். பைபிளிலும் இந்தக் கதை உண்டு, குர்ஆனிலும் உண்டு. வாசலில் நிற்பது யார் வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிற அந்தச் சின்ன பயம்தான் பல நாட்டில் பல பேருக்குச் சோறு போட்டிருக்கிறது.

திருவள்ளூருக்கும் அதே கதை இருக்கிறது. ஊர்ப் பெயரே அந்தக் கதைதான். வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்கள் கேட்டிருப்பீர்கள். சாலிஹோத்ரர் என்று ஒரு ரிஷி. ஒரு வருஷம் பட்டினி கிடந்து தவம். தவம் முடிந்ததும் மாவு தயாரித்து, சாப்பிடும் முன் யாராவது அதிதி வரமாட்டாரா என்று பார்க்கிறார். ஒரு கிழவர் வருகிறார். ஒரு பங்கு கொடுக்கிறார். பசி அடங்கவில்லை என்கிறார் கிழவர். தன் பங்கையும் கொடுத்துவிட்டு, மறுபடி ஒரு வருஷம் பட்டினி. அடுத்த வருஷம் மாவு தயார். மறுபடி அதே கிழவர்!

இந்த இடத்தில் நீங்களோ நானோ இருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பாருங்கள். ‘போன வருஷமே வந்தீங்களே பெரியவரே.’ ரிஷி மறுபடியும் முழுவதையும் கொடுக்கிறார். சாப்பிட்டு முடித்த கிழவர், களைப்பாக இருக்கிறது, படுக்க வேண்டும், எவ்வுள் என்று கேட்கிறார். எந்த உள், எந்த அறை? ரிஷி தன் குடிசையையே காட்டுகிறார். அந்தக் கேள்வியிலிருந்துதான் திருஎவ்வுள், அதுதான் திருவள்ளூர். பெருமாள் பெயரே ‘எவ்வுள் கிடந்தான்’. இன்றைக்கும் அமாவாசைக்கு முதல் நாள் ராத்திரி கோயிலைச் சுற்றி எங்கெங்கிருந்தோ வந்த ஜனங்கள் படுத்துக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகம் வரும்.

உலகத்தில் எத்தனையோ ஊரில் கடவுள் மாறுவேடத்தில் வந்து சாப்பிட்டிருக்கிறார். சாப்பிட்டதும் ஜோதியாகி மறைந்துவிடுவார், வீட்டுக்காரருக்கு வரம் லாபம். திருவள்ளூர்க் கதையில் அவர் மறையவில்லை. இடம் கேட்டார், படுத்தார், அப்படியே இருந்துவிட்டார். குடிசை அவருடையதாகிவிட்டது. நாலாவது நாளும் எழுந்திருக்கவில்லை. இந்தப் பகுதியை நம் பெரியவர்கள் சும்மா சேர்த்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். சோறு முதல் கேள்வி. இடம் இரண்டாவது கேள்வி. சோறு போடுவதில் போடுகிறவர் கை மேலே இருக்கும், வாங்குகிறவர் கை கீழே. அதில் நமக்கு ஒரு திருப்தி உண்டு, ஒப்புக்கொள்வோம். இடம் கொடுத்தால் அவரும் நம்மோடு சமமாகக் குழாயடியில் நிற்பார், மொட்டை மாடியில் துணி காயப்போடுவார், தண்ணி மோட்டாருக்குச் சண்டை போடுவார்.

ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

என்னோடு காலை ரயிலில் வரும் ஒரு இளைஞர், வேலூர்ப் பக்கம் சொந்த ஊர். இந்தப் பகுதியில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. ஆவடியிலிருந்து தினம் எதிர்த்திசையில் வந்து போகிறார். “அண்ணா, உங்க ஊர்ல ஒரு வீடு பார்த்துக் குடுங்களேன்” என்றார். எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மாடி போர்ஷன் காலியாக இருந்தது. அழைத்துப் போனேன். ஆசிரியர் தங்கமான மனுஷர். அமாவாசை தவறாமல் திருவள்ளூர் போய்க் குளத்தில் வெல்லம் கரைப்பவர். எவ்வுள் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னதே அவர்தான். காபி வந்தது, முறுக்கு வந்தது. வேலூர் வெயில், தொழிற்சாலை ஷிப்ட், குழந்தைக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று அரை மணி நேரம் பேச்சு. அட்வான்ஸ் எவ்வளவு என்பதுகூடப் பேசியாகிவிட்டது. கடைசியில், “தம்பி பேர் கேக்கலையே?” என்றார். இளைஞர் சொன்னார். முஸ்லிம் பெயர்.

ஆசிரியர் முகம் மாறவில்லை. இன்னொரு முறுக்கு எடுத்துக்கச் சொன்னார். “வீட்ல கலந்துகிட்டு நாளைக்குச் சொல்றேன் தம்பி.”

மறுநாள் ஸ்டேஷன் வாசலில் என்னிடம் சொன்னார். “எனக்கு ஒண்ணும் இல்ல சார். கீழ் போர்ஷன்காரங்க ஒரு மாதிரி நினைப்பாங்க. அக்கம்பக்கம் பேசும். நல்ல பையனா இருக்கான், பாவம். சாப்பாடு வேணும்னா சொல்லுங்க சார், தினம் நானே போடறேன்.”

இதில் கேலியே கிடையாது, நிஜமாகவே போடுவார். இங்கே யாரும் இலவசம் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். வாடகை, அட்வான்ஸ், கரண்ட் பில் எல்லாம் கொடுத்துவிட்டு இருக்கத்தான் கேட்டார். இலவசமாகச் சோறு போடச் சம்மதிக்கிற மனசு, காசு வாங்கிக்கொண்டு இடம் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. இது ஒரு ஆசிரியர் விவகாரம் இல்லை. ரம்ஜானில் தூக்குவாளியோடு நோன்புக் கஞ்சி வாங்க நிற்கிறோம். பக்ரீத் அன்று ‘பாய், பிரியாணி எங்கே?’ என்று உரிமையோடு கேட்கிறோம். அந்த உரிமை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அது பொய்யில்லை. ஆனால் பிரியாணி கேட்கிற உரிமையும், வீடு கேட்கிற உரிமையும் ஏன் ஒரே வாசலில் நிற்பதில்லை?

பேரைக் கேட்காமல் இடம் கொடு என்றும் நான் சொல்லமாட்டேன். காலம் அப்படி இல்லை. ஆதார் நகல் இல்லாமல் யாரும் சாவி கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. கடவுளே வந்தாலும் மாறுவேடம் செல்லாது. கேட்கலாம். கேட்ட பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் பாக்கி.

இளைஞர் இரண்டு நாள் என்னைப் பார்த்ததும் வேறு பெட்டியில் ஏறினார். எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று நினைத்திருப்பார். மூன்றாவது நாள் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “பரவாயில்லண்ணா, பழகிடுச்சு” என்றார். முப்பது வயதுகூட ஆகாதவருக்கு அது எத்தனையாவது வீடோ.

இப்போதும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். ஒரு ஹால், இரண்டு ரூம் போதும். ஏழாயிரத்துக்குள். கடம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரமாக இருந்தால் நல்லது. அவர், மனைவி, அம்மா, நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கிடைத்தால் சௌகரியம். உங்களுக்குத் தெரிந்து எங்காவது மாடி காலியாக இருந்தால் சொல்லுங்கள்.